மதிலுக்கு உள்ளே

பிலோமி பழைய வேட்டியை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதி உயிரோடிருந்த குழந்தைக்கு, மறு பாதி போய்விட்டதற்கு. இரண்டும் ஆண். ஏழாம் மாதத்திலேயே என்ன அவசரமோ, வந்துவிட்டார்கள். இரட்டை என்றே யாருக்கும் தெரியாது. மருத்துவச்சி ஜன்னத்துக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?

உயிரோடிருந்தவன் பஞ்சுக்குள் சுருண்டு அடுப்போரக் கூடையில் கிடந்தான். இன்னொருவன் முறத்தில் கிடந்தான். பெற்றவள் ரோசி, பிலோமியின் தங்கை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டாள்.

"அக்கா, ரெண்டும் உசுரோட கீதா?"

பிலோமி துணியை மடித்தாள்.

ரோசியின் புருஷன் பாஸ்கல் துறைமுகத்திலிருந்து நிலக்கரித் தூசியோடு ஓடி வந்தான். முறத்தைப் பார்த்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அண்ணி, ரெண்டுக்கும் தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தினேன்."

பாவம், நம்பிவிட்டான். அடக்கத்துக்குக் கோயில் உபதேசியாரை அழைத்துவரப் போனான்.

சாகக் கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவர்களே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். பிலோமி மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டு, பாஸ்கலுக்கு ஆளனுப்பத் தெருவுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது, யாரும் எதிர்பாராத இரண்டாமவன் ஜன்னத்தின் கையில் அசையாமல் இருந்தான்.

தண்ணீர் படாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. மதிலுக்கு வெளியே, சப்பாத்திக்கள்ளி ஓரமாகத்தான் புதைப்பார்கள். பிலோமிக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அவளுடைய ஒரே பிள்ளை அங்கேதான் கிடக்கிறது. கல்லறைத் திருநாளில் ஊரே உள்ளே மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் மட்டும் வெளியே நிற்பாள். தங்கைக்கும் அந்த வயிற்றெரிச்சல் வேண்டாம். பொய் சொன்ன பாவத்துக்கு நரகமே கிடைத்தாலும் கிடைக்கட்டும்.

"யாரும்மா ஊத்தினது?" உபதேசியார் ஜேக்கப் வாசலில் நின்றே கேட்டார்.

"நான்தான்."

"மாதா மேல ஆணையா?"

ஐயோ, மாதாவையா இழுக்க வேண்டும்!

"அது இல்லீங்க, நான் ஊத்தினேன்," என்றாள் மூலையிலிருந்த ஜன்னத். "ரெண்டு மூச்சு வுட்டுச்சு. அதுக்குள்ள ஊத்திட்டேன்."

"நீயா?" பாஸ்கல் வாயைப் பிளந்தான். "எங்க சாமி சமாச்சாரம் உனக்கு இன்னா தெரியும்?"

உபதேசியார் அவனைக் கையமர்த்தினார். "ஆபத்துக்கு யார் ஊத்தினாலும் செல்லும்பா. வார்த்தை சொன்னியாம்மா? சொல்லு, கேப்போம்."

ஜன்னத் தெருவைப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் அவள் புருஷன் மஜீது ஜட்கா வண்டியோடு காத்திருந்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில், "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே..." என்று தொடங்கி ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தாள்.

"எங்க ஆளுங்க காதுல வுழுந்தா பேஜாராப் பூடும். அதான் வாயத் தொறக்கல."

உபதேசியார் குடையை விரித்தார்.

"உள்ளயே தோண்டச் சொல்றேன்."

பாஸ்கல் முறத்தை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனான்.

பிலோமிக்கு நிம்மதிதான். ஆனால் கூடவே கோபமும் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் பிள்ளையை எடுத்ததும் இதே ஜன்னத்தான். அதுவும்தான் மூச்சு விட்டது. மயக்கத்தில் கிடந்தவளுக்கு அதைப் பிறகு சொன்னவளும் இவள்தான்.

"எம்புள்ளைக்கு ஏன் ஊத்தல?"

ஜன்னத் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்குத் தெரியாதேம்மா. உம்புள்ளைய வெளிய பொதச்சிட்டாங்கன்னு நீ அழுத பாரு, வூட்ல எனக்குச் சோறு எறங்கல. மறாநாளே மடத்து கன்னியாஸ்திரி கிட்ட போயி கத்துகினேன்."

பிலோமி எழுந்து சொம்பில் வெந்நீர் மொண்டு வந்தாள். ஜன்னத் ரத்தம் காய்ந்த கைகளை முற்றத்துப் பக்கமாக நீட்டினாள்.

"அக்கா," ரோசி மறுபடியும் கூப்பிட்டாள். "ரெண்டும் கீதா?"

"ஒண்ணு கூடையில கீதுடி. ஒண்ணு மதிலுக்கு உள்ள போவுது."

கை சுத்தமான பிறகும் பிலோமி ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஜன்னத்தும் கையை எடுக்கவில்லை.