ஏழு வேட்டு மரியாதை

வாசல் சார் செத்து நாலு மாதம் கழித்துத்தான் கல்லூரிக்கு அவர்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. நூலகத்துக்கு எதிரே ஆளுயரக் கருங்கல் நட்டு, அதில் அவர் முகத்தைச் செதுக்கி, கீழே 'போர்வீரர், பேராசிரியர், போராளி' என்று பொறித்தார்கள். அந்தக் கடைசி வார்த்தைக்காக அதே கல்லூரி அவருக்கு மூன்று முறை விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருந்தது. அதைக் கல்லில் போடவில்லை, இடம் போதவில்லையாம்.

வாசல் சார் என்பது மாணவர்கள் வைத்த பெயர். பதினெட்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர் ஒரு நாள்கூட கரும்பலகைக்கு நடுவில் நின்றதில்லை. முதுகைச் சுவரில் ஒட்டி, கண்ணை வாசலில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். எப்போதடா வீட்டுக்கு ஓடலாம் என்று நிற்கிறார் போல என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். மூன்று வருடம் போர்முனையில் இருந்துவிட்டு வந்தவருக்கு வாசல் கண்ணில் படாவிட்டால் மூச்சு முட்டும் என்பது அவர்களுக்கு மெல்லத்தான் தெரியவரும்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பதினாலாம் அறையில் இன்னொரு வகுப்பு நடக்கும். பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. அவரைப் போலவே போருக்குப் போய்த் திரும்பிய ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, தூக்கம் வராததைப் பற்றிப் பேசுவார்கள். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் அவர் ஒன்பது வருடம் அலைந்து, மனநோய்க்கான சிகிச்சையையும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் சேர்க்க வைத்தார். கல்லூரி விளையாட்டு விழாவில் துப்பாக்கியை எடுத்துவிட்டுக் கொடி அசைத்து ஓட்டப்பந்தயம் தொடங்க வைத்ததும் அவர்தான். அதன் பலனாக, வெளியூர்ப் போட்டிகளில் துப்பாக்கி வெடித்த பிறகும் 'கொடி எங்கேடா?' என்று நின்ற ஒரே அணி இந்தக் கல்லூரி அணி.

அழைப்பிதழ் அவர் மகள் கைக்கு வந்தது விழாவுக்கு மூன்று நாள் முன்னால். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள் அவள். பொடி எழுத்துக்குப் பயப்படாதவள். நாலாவது வரியில் நின்றுவிட்டாள். 'கல் திறப்பு. இருபத்தோரு துப்பாக்கி வேட்டு மரியாதை.'

மறுநாள் காலையிலேயே முதல்வர் அறைக்குப் போனாள்.

"வாம்மா. அழைப்பிதழ் பாத்தியா? தங்க எழுத்து! உங்கப்பா மட்டும் இருந்திருந்தா..."

"அந்த வேட்டு வேண்டாம் சார்."

பந்தியில் பரிமாறியதை வேண்டாம் என்று தள்ளியதுபோல முதல்வர் முகம் சுருங்கியது. "என்னம்மா இப்படிச் சொல்ற? பட்டாளத்துக்காரருக்கு வேட்டு போடலன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"வெள்ளிக்கிழமைக்காரங்க ஏழு பேரும் வருவாங்க சார். முன்வரிசையில உக்காருவாங்க. அந்தச் சத்தத்துல அவங்க தரையில விழுந்தா, ஊரே வேடிக்கை பாக்கும். அப்பா இத்தனை வருஷம் பாடுபட்டது அதுக்கா?"

"வெறும் சத்தம்தாம்மா. உள்ள குண்டே கிடையாது."

"அது அவங்களுக்கும் தெரியும் சார். அவங்க உடம்புக்குத் தெரியாதே."

முதல்வர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையாவது போட்டுவிட்டு வந்திருக்கலாம். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, அதே அழுக்கோடு மாட்டிக்கொண்டு, "குழுவுல வெச்சுப் பேசறேன்" என்றார்.

பேசினார். விழாவுக்கு முந்தின நாள் மதியம் போன் வந்தது.

"உன் சங்கடம் புரிஞ்சுதும்மா. ரெண்டு மணி நேரம் விவாதிச்சோம். இருபத்தொண்ணு ரொம்ப அதிகம்தான். ஏழு போதும்னு முடிவு பண்ணிட்டோம்."

"ஏன் ஏழு?"

"அவங்க ஏழு பேர்தானே? ஆளுக்கு ஒண்ணு. நல்லா அமைஞ்சுதில்ல?"

மகள் போனைக் காதிலிருந்து எடுத்து, அது போன்தானா என்று ஒரு தரம் பார்த்தாள். கடைக்குக் கண் சோதனைக்கு வந்திருந்த பெரியவர், கண்ணாடிச் சட்டம் மட்டும் மாட்டிய முகத்தோடு, "ஏம்மா, என் கண்ணு அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

கடையை மூடிவிட்டு நேரே பூட்டுக்காரரிடம் போனாள். ஏழு பேரில் அவர்தான் மூத்தவர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். சாவி ஒன்றை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வராதீங்க மாமா. கல்லு எங்கயும் ஓடிடாது. இன்னொரு நாள் நானே கூட்டிட்டுப் போறேன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாவியை ஊதித் தூசி தட்டினார். "சார் கல்லுக்கு நாங்க வராம யாரு வருவா பாப்பா? நோட்டீஸ் குடுத்தவனா?" நாற்பது வயதிலும் அவள் அவர்களுக்குப் பாப்பாதான். "சொல்லிட்டு வர்ற சத்தம்தானே. எண்ணிக்கிட்டே இருந்தா தாண்டிடலாம். நம்ம பேக்கரிக்காரனை நினைச்சாத்தான் கொஞ்சம் பயமா இருக்கு. அவன் இன்னிக்கும் அடுப்புக் கதவைக் குழந்தை தூங்கற மாதிரிதான் சாத்துவான்."

"அவரையாவது நிறுத்துங்க."

"அவன்தான் புதுச் சட்டை தைச்சிருக்கான்."

மறுநாள் ஏழு பேரும் முன்வரிசையில் இஸ்திரி கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரிக்காரர் கடைசி நாற்காலியில். அவர் பக்கத்தில் வாசல் சாரின் மகள். முதல்வர் பேச்சில் 'தியாகம்' பதினோரு தரம் வந்தது, வெள்ளிக்கிழமை ஒரு தரம்கூட வரவில்லை. பிறகு சிப்பாய்கள் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கினார்கள்.

"ஒண்ணு," என்றார் பூட்டுக்காரர், வரிசைக்கே கேட்கும்படி.

இரண்டு. மூன்று. ஏழு முதுகும் பலகை மாதிரி விறைத்திருந்தன. நாலாவது வேட்டில் பேக்கரிக்காரர் பக்கத்திலிருந்த அவள் கையைப் பிடித்தார். ஐந்தாவதில் அந்தக் கை இல்லை. நாற்காலி காலி. கீழே, புதுச் சட்டையோடு, தலையைக் கைகளுக்குள் புதைத்துச் சுருண்டு கிடந்தார்.

பின்னால் எவனோ சிரித்தான். இரண்டு செல்போன்கள் உயர்ந்தன.

"எறங்குங்கடா," என்றார் பூட்டுக்காரர். ஆறு பேரும் எழுந்து போய், அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். முழங்கால் மடங்காத பஸ் டிரைவர்கூட வைதுகொண்டே உட்கார்ந்தார். செல்போன்களுக்குக் கிடைத்தது ஆறு முதுகுதான். மகள் அவர்களுக்கு நடுவில் நுழைந்து மண்டியிட்டாள். மிச்ச இரண்டு வேட்டும் தலைக்கு மேல் போயின. கல்லை மூடியிருந்த துணி விலகியது, கை தட்டினார்கள். அப்பாவின் முகம் கல்லில் எப்படி வந்திருக்கிறது என்று அவர்களில் யாரும் பார்க்கவில்லை.

"சார் எங்க?" பேக்கரிக்காரரின் பல் கிட்டித்திருந்தது. "சாரைக் கூப்பிடு. சார் வரட்டும்."

பூட்டுக்காரர் சாரின் மகளைப் பார்த்தார். 'இதோ வந்துட்டே இருக்கார்' என்று சொன்னால் அந்த உடம்பு உடனே தளரும். ஆனால் விழுந்து கிடப்பவனிடம் அப்பா பொய் சொன்னதே இல்லை. "அவன் பிடிச்சு ஏறி வர்றதுக்கு நம்ம வார்த்தை ஒண்ணுதான் இருக்கு, அது உளுத்துப்போயிருக்கக் கூடாது" என்பார். மகளோ நாலு மாதமாக எல்லாரிடமும் 'அப்பா இப்ப இல்லை' என்றே சொல்லிவந்தாள், எங்கேயோ கடைக்குப் போனவரைச் சொல்வது மாதிரி.

பேக்கரிக்காரர் தலையில் கை வைத்தாள்.

"சார் செத்துட்டார் மாமா. நாலு மாசமாச்சு. நாம காலேஜ்ல இருக்கோம். இது பகல். நான் அவர் பொண்ணு."

அவர் தன் கைகளை விலக்கி அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். மூச்சு மெல்ல மெல்ல அவரிடம் திரும்பி வந்தது.

"ஆமா," என்றார். "ஆமால்ல. செத்துட்டார்."

மேடையில் முதல்வர் ஒரு நிமிட மௌனம் அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்றது. தரையில் இருந்த எட்டுப் பேர் மட்டும் எழவில்லை. மகளால் அந்த நிமிடத்தை மௌனமாக வைத்திருக்க முடியவில்லை. அவள் அழுத சத்தம் நூலகச் சுவர்வரை கேட்டது, பேக்கரிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.