மார்லிஸின் இரண்டு நிமிடம்

எங்கள் விஸ்கான்சின் ஊரில் வேட்பாளர் கூட்டம் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில்தான் நடக்கும். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம். முப்பது நொடி மிச்சமிருந்தால் மஞ்சள் அட்டை, முடிந்தால் சிவப்பு. பதினெட்டு வருடமாக அட்டைகள் என் கையில். வளவளவென்று பேசுகிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது.

மார்லிஸ் பிரெக்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். போன தடவை முப்பத்தொன்பது ஓட்டில் சட்டசபை இடத்தைக் கோட்டைவிட்டாள். கருக்கலைப்பை யார் தீர்மானிப்பது என்று கேட்டதற்கு, அந்தப் பக்கமும் நியாயம், இந்தப் பக்கமும் நியாயம் என்று இழுத்தாள். பாதி வாக்கியத்தில் நான்தான் சிவப்பைத் தூக்கினேன். அந்த மழுப்பல்தான் அவளைக் கவிழ்த்தது. மறுபடியும் தோற்றால் கட்சி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் தடவையும் அதே கேள்வி. அவளை எதிர்த்து நின்ற தீவனக் கடை கிளென் ஹால்வர்சன், சட்டசபைதான் தீர்மானிக்க வேண்டும் என்று இரண்டு நிமிடமும் முழங்கினார். மக்கள் ஓட்டுக்கு விடலாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள் என்று மார்லிஸுக்குக் கட்சிக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"சுமக்கிறவதான் தீர்மானிக்கணும். நானும் இல்ல, கிளெனும் இல்ல" என்றாள் மார்லிஸ். பிறகு காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள். ஏழு நொடிகூட ஆகவில்லை.

கிளென் மைக்கை இழுத்தார். "என்ன மார்லிஸ், சரக்கு தீந்துபோச்சா? அப்ப நான் சொல்றேன்."

"அவ நேரம் இன்னும் ஓடுது, கிளென்" என்றேன். அட்டைக்காரி வாய் திறந்தது அன்றுதான் முதல் தடவை.

கிளென் மைக்கை விட்டார்; மார்லிஸ் காபியைக் குடித்துக்கொண்டே இருந்தாள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு அவளை முறைத்தார்கள். மார்லிஸ் யாருக்கும் கண்ணைத் தாழ்த்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மஞ்சளைத் தூக்கினேன். கிளென் நாற்காலியில் நெளிந்தார், டையைத் தளர்த்தினார், கடைசியில் பொறுக்க முடியாமல், "யாருமே ஒண்ணும் சொல்லாம எப்படி?" என்றார்.

மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு பொம்பள யோசிக்கட்டும்னு வாயை மூடிட்டு இருக்கறது எவ்வளவு கஷ்டமா இருக்கு பாத்தியா, கிளென்?"

இன்னும் பதினோரு நொடி இருந்தது. அதையும் அவளுக்கே விட்டேன்.

நவம்பரில் அவள் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தாள். கிளென் இப்போதும் எனக்குக் கோழித் தீவனம் விற்கிறார், என்னோடு பேசுவதுதான் இல்லை.