நாற்பத்தேழாம் எண் சட்டை

காலை ஒன்பது மணிக்கே சலவைக்கூடத்தில் மூச்சு முட்டியது. கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. சோடாவும் ஊரார் வியர்வையும் கலந்த நாற்றம் கண்ணைக் கரித்தது. அவள் அழுக்கு மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். துணி பிரிப்பது அவள் வேலை. பையைத் துழாவ வேண்டும். காலரைப் புரட்டி எண் பார்க்க வேண்டும். கறை இருந்தால் என்ன கறை என்று சொல்ல வேண்டும். பதினான்கு வருடப் பழக்கம்.

இன்று வந்தது போலீஸ் மூட்டை. ஒவ்வொரு காலரின் உள்மடிப்பிலும் அழியாத மையால் எண் எழுதியவள் அவள்தான். சட்டை ஆள் மாறினால் வசவு அவளுக்குத்தானே.

இரண்டு நாளுக்கு முன் சாயப்பட்டறை வாசலில், கையுறை கேட்டு, சாயம் காயாத கையோடு உட்கார்ந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. அவள் தம்பியும் அதில் ஒருவன். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். நினைவில்லாதவன் மணிக்கட்டைக் கட்டிலோடு விலங்கிட்டிருக்கிறார்கள். கல்லெறிந்தானாம், சுவரேறி ஓடினானாம், விழுந்தானாம். போலீஸ்காரர் யாரும் அவனுக்குப் பத்தடி பக்கத்தில்கூடப் போகவில்லையாம். இன்று பதினொரு மணிக்குக் கோர்ட்டிலும் அதையே சொல்லப்போகிறார்கள்.

ஆறாவது சட்டையை உதறியவள் அப்படியே நின்றாள்.

வெளிறிய காக்கித் துணியில், நெஞ்சுக்கு நேராக, நீலச் சாயத்தில் ஒரு கை. விரல்கள் விரிந்து, அழுந்தி, கீழ்நோக்கி இழுபட்டிருந்தன. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றது.

அந்தப் பாதி விரலை அவளுக்குத் தெரியும். மீதியை இயந்திரம் தின்ற அன்று, கட்டுப்போட்ட கையோடு வந்து, "இனிமே நகம் வெட்டுற வேலை ஒண்ணு குறைச்சல்க்கா" என்று சிரித்தவன் அவன்.

காலரைப் புரட்டினாள். நாற்பத்தேழு. அவள் கையெழுத்து.

"என்னம்மா, பேயைப் பாத்தவ மாதிரி நிக்கிற?" என்று வந்த இஸ்திரிக்காரர் சட்டையின் மேல் குனிந்தார். இயந்திரத்தில் துணி போடுகிறவளும் எட்டிப் பார்த்தாள். வாயாடி என்றுதான் அவளுக்குப் பெயர்.

"நாப்பத்தேழு யாரு?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"மீசைக்கார ஏட்டு. காலர் விறைப்பா இல்லன்னு போன வாரம் குதிச்சானே, அவன்தான்," என்றாள் வாயாடி. "இதை எங்க கொண்டுபோய்க் குடுக்குறதுக்கா?"

"போலீஸ்லதான்," என்றார் இஸ்திரிக்காரர். "போட்டிருந்தவனே வாங்கி வெச்சுக்குவான். பத்திரமா இருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே ஓடிவந்தார். "நாப்பத்தேழு எங்க? ஏட்டு கத்துறாரு. போலீஸ் குடியிருப்புல பெருக்குறவன் தெரியாம மூட்டையில சேத்துட்டானாம். கறை மருந்து போடு. பத்து மணிக்கு ஜீப் வருது."

"முடியாதுங்க."

"என்னது?"

"இது என் தம்பி கைங்க."

"எவன் கையா இருந்தா எனக்கென்ன? கறைன்னா கறைதான். ஸ்டேஷன் துணி வரலேன்னா உங்க அடுப்பு எரியாது, தெரியுமில்ல?"

"அடுப்பை எரிக்கிறது எங்க உழைப்புங்க. அவங்க துணி இல்ல."

முதலாளி வாயாடி பக்கம் திரும்பினார். "நீ எடுத்துப் போடு."

அவள் விசையைத் தட்டினாள். பெரிய இயந்திரம் முனகி அடங்கியது. "நின்னு போச்சுங்க."

"நீதானே நிறுத்தினே!"

"ஆமாங்க. நாங்க கையை எடுத்தா நின்னுடும். அதோட குணம் அப்படி."

இஸ்திரிக்காரர் நீராவிக் குழாயைத் திருகி மூடினார். ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். பதினொரு பேர். கூடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"எல்லாரையும் தூக்கி உள்ள வைப்பாங்க!" என்று கத்தினார் முதலாளி.

"வைக்கட்டும்," என்றார் இஸ்திரிக்காரர். "அப்புறம் அழுக்குச் சட்டையோடதான் நம்மளக் காவல் காக்கணும்."

அவள் சட்டையை ஹேங்கரில் மாட்டினாள். துவைத்த துணிக்குப் போடும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் உறையைப் போட்டாள். எண் தெரியும்படி காலரைப் புரட்டிவிட்டாள்.

"கையுறை குடுத்திருந்தா இந்தக் கை பதிஞ்சே இருக்காது," என்றாள்.

வாயாடி சாயப்பட்டறைக்குப் போன் போட்டு, சட்டையோடு கோர்ட்டுக்குப் போகிறோம் என்றாள்.

பத்து மணிக்கு அவர்கள் வாசலைத் தாண்டும்போது ஜீப் வந்து நின்றது. மீசைக்கார ஏட்டு புதுச் சட்டையில் இறங்கினான்.

"ஏய், அது என் சட்டை. குடு இங்க."

"உங்க சட்டைதானே?" என்று கேட்டாள்.

"என் சட்டைதான்டி! எத்தனை தடவை சொல்றது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டோம்," என்றது தெரு. தெருமுனையிலிருந்து சாயப்பட்டறை ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாதி வேலையில் எழுந்து வந்தவர்கள். முழங்கை வரை ஈர நீலம். வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

ஏட்டு தடியை உருவினான். ஓரடி எடுத்து வைத்தான். எதிரே அத்தனை நீலக் கைகள். தன் புதுச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

கோர்ட்டுக்கு ஒரு மைல். அங்கே யார் கேட்பார்கள், என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சட்டையை உயர்த்திப் பிடித்தாள்.

"நடங்க," என்றாள்.