இரண்டாவது ஆள்

தத்துவம் படிக்கிறேன் என்று திருத்தணியில் யாரிடமாவது சொன்னால் போதும், உடனே உள்ளங்கையை நீட்டுவார்கள். "எங்க பையனுக்கு எப்போ கல்யாணம் கூடி வரும், பாத்துச் சொல்லும்மா." நான் படிப்பது கைரேகை இல்லை என்று விளக்கி விளக்கி ஓய்ந்து, கடைசியில் "தை பொறந்ததும் ஆவும்" என்று சொல்லிவிட ஆரம்பித்தேன். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் தொல்லை விட்டது.

சென்னையில் எம்.ஏ. முதலாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்தோம். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ஒருவன் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போனான். மூன்றாமவன் தணிகைமணி, பொதட்டூர்பேட்டைக்காரன், வீட்டில் விசைத்தறி. பஸ் பிடித்துத் திருத்தணிக்கு வந்து என்னோடு மின்சார ரயில் ஏறுவான். ஏறியதுமே சண்டையும் ஏறிவிடும். ஆன்மா உண்டா இல்லையா என்று திருவாலங்காட்டில் தொடங்கினால் வில்லிவாக்கம் தாண்டியும் ஓயாது. ஒருநாள் எதிர் சீட்டு அம்மா எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டு, "நீதான் கொஞ்சம் விட்டுக் குடேம்மா" என்று எனக்குப் புத்தி சொன்னார். நான் ஏன் விட்டுக் கொடுக்க வேண்டும்?

முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மணியின் அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். தறியைப் பார்க்க ஆளில்லை. மணி நின்றுவிட்டான்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் நான் ஒருத்திதான். பூபாலன் சார் அப்போதும் பழக்கத்தில் "மாணவர்களே" என்றுதான் ஆரம்பிப்பார். பாடத்தை முடித்துவிட்டு, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பார். "புரியலன்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கியதும் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர் பெஞ்சைப் பார்த்தபடி சாப்பிடுவேன். தனிமையில்தான் ஞானம் பிறக்கும் என்று எழுதி வைத்தவர்களைக் கூட்டி வந்து அந்த பெஞ்சில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். எனக்கு ஞானம் பிறக்கவில்லை. அழுகைதான் வந்தது.

இதற்கு நடுவில் என் நைனா ஜம்புலிங்கம் கையை விரித்துவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், அவரைக் குறை சொல்ல முடியாது. "இந்த வருசம் என்னால ஆவாதும்மா. ஏதோ உதவித்தொகை குடுக்கறாங்கன்னியே, அது வந்தா படி. வரலன்னா பஸ் ஸ்டாண்டு சாமி படக் கடையில ஆளு கேக்கறாங்க, போ." அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

அந்த உதவித்தொகை எங்கள் துறையில் யாரோ ஒரு புண்ணியவான் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளையில் இருந்து வருவது. தத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவருக்கு அந்த வருடச் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. வகுப்பிலேயே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும், அவ்வளவுதான். நான் ஒருத்திதானே, எனக்குத்தான் என்று தெம்பாக இருந்தேன். பூபாலன் சார் மெதுவாகக் குண்டைப் போட்டார்.

"புவனா, குறைஞ்சது ரெண்டு பேராவது எழுதணும். ஒருத்தர் மட்டும் எழுதினா அது போட்டி இல்லைன்னு விதியில இருக்கு."

"ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க சார் போவேன்?"

"தணிகைமணி பேரு இன்னும் பதிவுலதான் இருக்கு. திரும்பி வந்து சேர்றவங்களும் எழுதலாம்."

மறுநாளே பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தறிச் சத்தம் தெரு முழுக்க இருந்தது. மணி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான். இளைத்துப்போயிருந்தான். உள்ளே கட்டிலில் அவன் அப்பா படுத்திருந்தார். "வாம்மா, வாம்மா" என்று அவன் அம்மா ஞானம்மாள் மோர் கொடுத்தார். விஷயத்தை நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. உதவி கேட்பதைக் கத்திக் கேட்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா?

"தறிய வுட்டுட்டு எப்டி வர்றது? ஆடிக் கிருத்திகை அன்னிக்கிதான் எல்லா தறியும் நிக்கும். அன்னிக்கின்னா வர்றேன்" என்றான். "காலையில காவடி இருக்குது. முடிச்சிட்டு ஓடியாந்துடறேன்."

"எழுதுவியா?"

"பேருக்கு உக்காந்துட்டு வர்றேன். பேனாவத் தொடவே மாட்டேன், போதுமா? உனுக்கு அதானே வேணும்?"

அதேதான் வேண்டும். ஆங் என்றேன். பூபாலன் சாரிடம் கெஞ்சி அந்த நாளையே குறிக்க வைத்தேன்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். ரயில் ரயிலாக மஞ்சள் துணியும் அரோகராவும் வந்து இறங்குகின்றன. ஊர் உலகமெல்லாம் மலைக்கு வர, நாங்கள் இரண்டு பேர் எதிர்த்திசையில் போக ரயிலுக்கு நின்றோம். மணி மஞ்சள் வேட்டியை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம், தோளில் காவடி அழுத்திய தடம். காலிப் பெட்டி. வழக்கமான சீட்டு.

"இன்னாத்துக்கு மொட்டை?"

"வேண்டுதல். ஆடிக்குள்ள அப்பா எழுந்து உக்காரணும்னு வேண்டிக்கினேன்."

"எழுந்துட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா மொட்டை போட்ட? மலை மேல இருக்கறவரு அவரோட வேலைய செய்யல, நீ மட்டும் ஏன் செய்யணும்?"

அவன் சிரித்தான். "சண்டைய அப்புறம் வெச்சிக்கலாம் புவனா. தலை எரியுது."

அவன் சண்டைக்கு வராதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அது போதும் என்று வழியெல்லாம் சந்தோஷமாகவே வந்தேன்.

சார் கரும்பலகையில் கேள்வியை எழுதினார். 'கேட்பவர் இல்லாத இடத்தில் கொடுத்த வாக்கு, வாக்கு ஆகுமா?'

எனக்கு லட்டு மாதிரி கேள்வி. ஆகாது என்று ஆரம்பித்தேன். வாக்கு என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது, ஒரு பக்கம் ஆளில்லை என்றால் அது வெறும் பேச்சு. படித்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். கை பறந்தது. பக்கத்து பெஞ்சில் மணி கையைக் கட்டிக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், சொன்ன சொல் தவறாதவன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல் கேட்டது. "சார், இன்னொரு பேப்பர் குடுங்க."

என் பேனா நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். சந்தனம் வியர்வையில் கரைந்து காதோரம் வழிகிறது, அவன் துடைக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். அடப்பாவி, பேனாவைத் தொட மாட்டேன் என்றாயே என்று ஆத்திரமாக வந்தது. அதே நேரத்தில் வகுப்பில் இன்னொரு பேனா ஓடும் சத்தம் கேட்பது எவ்வளவு இதமாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தன, நான் என்ன செய்யட்டும்?

திரும்பி வரும் ரயிலில் எள் விழ இடமில்லை. ஆளுக்கொரு மூலையில் நசுங்கி நின்றோம். இறங்கும்போது, "சும்மா உக்கார முடியல புவனா, தப்பா நெனச்சிக்காத" என்றான்.

பத்து நாள் போல் கழித்துப் பூபாலன் சார் வகுப்புக்கு வந்தார். "மாணவர்களே" என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தேர்வானது மணியின் கட்டுரை, அதில் கடைசிப் பகுதியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார்.

'மலையில் இருப்பவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. என் அப்பா எழுந்து உட்காரவில்லை. ஆனாலும் இன்று காலை மொட்டை போட்டுக்கொண்டேன். நான் அந்த வாக்கைச் சொன்னபோது அங்கே யாருமே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நான் இருந்தேனே. கேட்டவன் நான்தான்.'

வயிறு எரிந்தது. அழுதேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

மணி போன் பண்ணினான். "எனுக்கு வேணாம்னு சாராண்ட சொல்லிடறேன். நீயே எடுத்துக்க."

விதி அதற்கும் இடம் தரவில்லை. அவன் விலகினால் மறுபடியும் எழுதியவர் ஒருவர்தான். அந்த வருடம் யாருக்கும் கிடையாது. பஸ் ஏறிப் போய் அந்தத் தறிச் சத்தத்தில் நின்று மறுபடியும் கத்தினேன்.

"உன் தியாகமெல்லாம் யாருக்கும் வேணாம். எழுதத் தெரிஞ்சுதுல்ல? போய்ப் படி! உங்க அக்காவக் கட்டின பாவா தறிய பாத்துக்க மாட்டாரா?"

"பணம் வருதுன்னதும் அவரு பாத்துக்கறேன்னுதான் சொல்றாரு." இழையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். "நீ?"

"எனக்கென்ன, கடையில சாமியோட இருக்கப் போறேன்."

அவன் சிரிக்கவில்லை. இரண்டாவது ஆளைத் தேடி அந்தத் தெருவுக்குள் போனவள், இரண்டாவது ஆளாகவே வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் கடையில் நிற்கிறேன். வள்ளி தெய்வானையோடு இருக்கிற படம் நன்றாகப் போகிறது. சும்மா சொல்லக்கூடாது, முதலாளி நல்லவர்தான். காலையில் மணி ஏறும் ரயில் ஊதுவது வீட்டுக்குக் கேட்கும். அந்தச் சமயத்தில் மட்டும் நான் குழாயைத் திறந்துவிட்டு எதையாவது கழுவுவேன்.

போன வாரம் மதியம் போன் வந்தது.

"சாப்ட்டியா புவனா?"

"இன்னா விஷயம், அத சொல்லு."

"ஒண்ணுமில்ல. டப்பாவத் தொறந்து வெச்சிக்கினு எதிர் பெஞ்சிய பாத்துகினு இருக்கேன்." போனில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. "எப்டிமா இருந்த நீ இங்க?"

வாயில் வந்தது திட்டுதான். "சாப்பாடு ஆறிடும், துன்னு."

"இரு, ஒண்ணு கேக்கணும். அந்தக் கட்டுரையில நீ ஆகாதுன்னுதானே எழுதின? இப்பவும் அப்படித்தான் சொல்றியா? எதுத்துப் பேச இங்க ஆளே இல்ல."

எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. படம் வாங்க வந்த ஒரு அம்மாவை இருங்க என்று கையைக் காட்டிவிட்டு ஆரம்பித்தேன். உன் கட்டுரையில் பெரிய ஓட்டை இருக்கிறது மணி, சொன்னவனே கேட்டவன் என்றால் அவனே அவனை விடுவித்துவிடலாமே, அப்புறம் அது என்ன கட்டுப்பாடு...

"ஐயோ, சார் வந்துட்டாரு. வெக்கிறேன்."

போன் அடங்கிவிட்டது. மீதி பதில் வாயிலேயே இருந்தது. ஆகாது, ஒரு பக்கம் ஆளில்லை என்றால் அது வெறும் பேச்சு என்று எழுதியவள் நான்தானே. போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. அது ஏன் கட்டுப்பாடு இல்லை, அப்படியும் நீ மொட்டை போட்டது ஏன் சரி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்த அம்மா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய படத்தைத் துடைத்துக் கொடுத்தேன்.