செத்தவள் மறுபடி பாடலாமா?

“கடைசிப் பாட்டை ரெண்டாவது தடவையும் நான் பாடணும், மாயெஸ்த்ரோ.”

இசைக்குழுத் தலைவரிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் இசைக்கல்லூரியில் நெவியாவை அனுப்பியிருந்தார்கள். இந்த வகை ஓபராக்களில் நாயகியின் கடைசிப் பாட்டு இரண்டு முறை வரும். முதல் முறை, எழுதியவன் எழுதியபடி. இரண்டாம் முறை, பாடுகிறவள் இஷ்டம்; சங்கதிகளை அவளே போட்டுக்கொள்ளலாம். அதனாலேயே முதலில் வெட்டுவது அதைத்தான்.

இசைக்குழுத் தலைவர் லாம்பெர்தோ சிரித்தார். “முதல் தடவை முடிஞ்சதும் நீ விஷம் குடிக்கிற. செத்தவ எப்படிம்மா மறுபடி பாடுவா?”

“நெஞ்சுல கத்திக்குத்து வாங்கின உங்க கதாநாயகன் எழுந்து உக்காந்து பாடிட்டுத்தானே சாகறாரு? அவருக்கு மட்டும் என்ன கெட்டி உசுரா?”

அவள் கவுனுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த வான்டா களுக்கென்றாள். “அசையாதடி, ஊசி குத்தும்.”

“நூறு வருஷமா யாரும் தொடாத ஓபரா,” என்றார் லாம்பெர்தோ. “ஜனங்க ஒரு தடவை கேக்கறதே பெருசு. அப்புறம் அவங்க சாப்பிடப் போக வேணாமா? சரக்கு விக்கலன்னா ரெண்டு தடவை கூவறதுக்கு இது உங்கப்பா மீன்கடை இல்ல கண்ணு.”

“எங்கப்பா முதல்ல கூவறது ஆளுங்க திரும்பிப் பாக்கறதுக்கு. அடுத்ததுலதான் மீன் போகும். நீங்க தட்டுல வந்த மீனைத்தானே பாத்திருக்கீங்க!”

“நாக்கு நல்லா வளந்திருக்கு. குரலும் வளரட்டும், அப்புறம் பாப்போம்,” என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மீன்காரர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நெவியா. படித்த அத்தனை வருடமும் அடுத்தவர் சொன்னபடியேதான் பாடினாள். இந்த ஓபராவில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே இடம். அதையும் விட்டுக்கொடுத்தால் நல்ல பெண் என்பார்கள். அடுத்த வாய்ப்பும் தருவார்கள். அதிலும் இப்படித்தான் வெட்டுவார்கள்.

முதல் நாள் காட்சி. கடைசி அங்கத்துக்காக மேடையோரம் காத்து நின்றவளிடம் விஷக்கோப்பையை நீட்டினாள் வான்டா.

“செர்ரி சாறுடி. வெள்ளைக் கவுன், சிந்திடாத. முதல் தடவை முடிஞ்சு நீ குடிச்சு விழற வரைக்கும் வாத்தியம் வாசிச்சிட்டே இருப்பாங்க.”

“நான் விழலன்னா?”

“விழலன்னா... முடிக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. மறுபடி முதல்லேருந்துதான் வாசிக்கணும், பாவம்.”

நெவியா கோப்பையை வாங்கி அங்கேயே மடமடவென்று குடித்து முடித்தாள்.

“அடிப்பாவி! அங்க போய் என்னத்தக் குடிப்ப?”

“ஒண்ணும் குடிக்கப் போறதில்ல.”

வான்டா வாயைப் பொத்திக்கொண்டாள். லாம்பெர்தோவின் முகம் போகிற போக்கை நினைத்ததும் சிரிப்பில் தோள் குலுங்கியது. அப்புறம் நாடகக்காரர்கள் வழக்கப்படி வாழ்த்தினாள்: “ஓநாய் வாயில போடி!”

ஓநாய் சாகட்டும் என்பதுதான் அதற்குப் பதில்.

“சாகட்டும். இன்னைக்கு அது மட்டும்தான் சாகும்,” என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு, காலிக் கோப்பையோடு வெளிச்சத்துக்குள் நடந்தாள் நெவியா.