கோழிக்கூடாகாமல் தப்பிய பரிசல்

மேற்குமலைத் தொடர் சற்றே விலகி வழிவிட, அவ்விடைவெளியிற் புகுந்த காற்று பெருமாட்டி என்னும் ஊரின் தென்னந்தோப்புகளைத் தலைவிரித்தாடச் செய்து, சித்தூர் வயல்களுக்கு நீரூட்டும் அணையின் ஏரியைச் சிலுசிலுக்க வைத்த வைகறைப் பொழுது அது. நீர்மேற் படுத்திருந்த பனிமூட்டத்தின் நடுவே, மூங்கிற் பரிசலொன்றில், எழுபதைக் கடந்த மீனவர் நல்லதம்பியார் வலைக்கயிற்றைப் பற்றியபடி வீற்றிருந்தார். வீற்றிருந்தார் என்பது நாம் மரியாதைக்குச் சொல்வது, அன்பரே. உண்மையில் மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

நடுக்கம் குளிரால் அன்று, மனையாளால். சில நாட்களாக வெறுங்கையோடு திரும்பிய கணவருக்கு முந்தைய மாலை சந்தனத்தம்மாள் தீர்ப்பு வழங்கியிருந்தார்: "ஏனுங்க, நாளைக்கும் மீனில்லாம வந்தீங்கன்னா பரிசலைக் கவுத்துப் போட்டுக் கோழியடைச்சுருவனுங்க. அதாச்சும் முட்டையிடும்." சொன்னதைச் செய்யாது விட்ட வரலாறு அவ்வம்மையாருக்குக் கிடையாது. முட்டுக்கொடுக்கக் கற்களும் பொறுக்கி வைத்தாயிற்று. பரிசலில்லாத ஒரு விடியலை எண்ணிய போதே முதியவர் கயிற்றை இன்னும் இறுகப் பற்றினார்.

அவ்வேளை வலை வெடுக்கென இழுபட்டது. அம்மாடி, என்ன இழுப்பு! அவர் இழுக்க, அது இழுக்க, பரிசல் நின்ற இடத்திலேயே கிறுகிறுவெனச் சுழன்றது. பனி விலகி வெயில் ஏறியபோது கரையில் ஊரே கூடிவிட்டது. முன்வரிசையில் மீன்கடைக்காரர் சிக்கந்தர். "விட்டுறாதீங்கண்ணா! ஆளு நீளம் இருக்கும்!" என்று கூவிக்கொண்டே, அலைபேசியில் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும், "தலை உங்களுக்குத்தானுங்க" என்று அந்த ஒரே தலையை வாரி வழங்கினார் அவ்வள்ளல். சந்தனத்தம்மாளும் கோழியொன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து நின்றார்.

உள்ளங்கை தோலுரிந்தும், இடுப்பு ஒடிந்துவிடும் போல் வலித்தும், முதியவர் பிடியைத் தளர்த்தவில்லை. நண்பகலில் நீர் ஒரு சாண் இறங்கிற்று. இறங்கவே, வலைக்குள்ளிருந்து மெல்லத் தலைகாட்டியது, அணை கட்டியபோது மூழ்கிய தோப்பின் தென்னங்கட்டை ஒன்று!

வயலுக்கு மதகு திறக்கும் நாளில் அவ்வேரியில் எவரும் வலைவீசார். நீரோட்டம் வலையைக் கொண்டுபோய்க் கட்டையில் மாட்டிவிடும். அன்று மதகு திறக்கும் நாள் என்பதையே மனைவியின் மிரட்டலில் நல்லதம்பியார் மறந்துவிட்டார். பொழுதெல்லாம் அவரோடு மல்லுக்கட்டியது வெறும் நீரோட்டமே.

கரை வயிறு குலுங்கச் சிரித்தது. சிக்கந்தர் அலைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். "கட்டையையாங்க இத்தனை நேரம் புடிச்சீங்க?" என்று கேட்ட சந்தனத்தம்மாளின் குரலில் மட்டும் சிரிப்பில்லை, அவர் கண்கள் கணவரின் தோலுரிந்த கைகளின்மேல் இருந்தன.

"வலையை விட்டுட்டு வரமுடியாது, புள்ள" என்று முனகி, மார்பளவு நீரில் இறங்கினார் முதியவர். கட்டையின் பொந்திற் சிக்கிய வலைக்கண்ணியை விடுவிக்கக் கையை நுழைத்தவர், "ஐயோ!" என்று அலறினார். பாம்பென்று கரை பதறியது. அடுத்த நொடி, நீர் வற்றியதால் பொந்துக்குள் அகப்பட்டுத் தவித்த, முழங்கை நீள விரால் ஒன்று அவர் மார்போடு அணைபட்டுத் துள்ளியது.

சந்தனத்தம்மாள் கோழியைக் கீழே விட்டார். கூட்டுக்கு முட்டுக்கொடுக்கப் பொறுக்கிய அதே கற்களைக் கொல்லையில் அடுப்பாகக் கூட்டி, அன்றே குழம்பு கொதிக்க வைத்தார். மணம் பிடித்து வந்த சிக்கந்தர் வாசலில் தயங்கி நின்று, "அக்கா, அந்தத் தலை..." என்று இழுத்தார்.

"வாலு தர்றனுங்க, குந்துங்க. தலை இவருக்கு" என்று சொன்ன அம்மையார், தலையைக் கணவரின் இலையில் இட்டு, புண்பட்ட கையால் பிசைய விடாமல் தாமே முள்ளெடுத்துக் கொடுத்தார். பிடித்தது மீனோ கட்டையோ, பிடியை விடாதவர்க்கு உண்டாகும் பேறு அதுவே போலும், அன்பரே. கோழிகள் மட்டும் வழக்கம்போல் முருங்கைக் கிளையில் ஏறி உறங்கின.