புதன்கிழமை நாலு மணிப் பேச்சு

ஜெயசீலி மேடையில் நின்று பேசினால், பேசியது ஒரு வாரம் கழித்துத்தான் கேட்கும். அதே கிழமை, அதே நேரம், அவள் நின்ற அதே இடத்தில், ஆள் இல்லாமல் குரல் மட்டும் வரும். சமையலறையிலோ, பஸ்ஸிலோ, தாம்பரத்தில் அவள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்திலோ இந்தத் தொல்லை கிடையாது. அங்கெல்லாம் சொன்னது சொன்னவுடன் கேட்டது. சில சமயம் தேவைக்கு மேலேயே கேட்டது. நாலு பேருக்காக என்று எழுந்து நின்று வாயைத் திறந்தால்தான் சிக்கல். அஸ்தினாபுரத்தில் இன்று இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. தண்ணீர் லாரி வரும் நாளைப் போல இதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

அவள் பேசக் கற்றுக்கொள்ளப் போனதே ஆசைப்பட்டு அல்ல. சர்ச் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளராக யாரும் முன்வராத ஒரு வருஷம், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒரே தகுதியால் ஜெயசீலி தேர்ந்தெடுக்கப்பட்டாள். செயலாளர் என்றால் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். ஐம்பது வயதுவரை அவள் கூட்டங்களில் செய்த ஒரே காரியம் கை தட்டியதுதான். ஆகவே குரோம்பேட்டையில் ஒரு செல்போன் கடையின் மாடியில், ஞாயிறு மதியம் நடந்த மேடைப்பேச்சு வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்த ஸஹானாவுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். வாரநாட்களில் ஏதோ கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களின் பயத்தைத் தெளியவைக்கும் வேலை. இரண்டு காலையும் ஊன்றி நிற்பது முதல் பாடம். வாயைத் திறக்கும் முன் மூச்சை நிறைய இழுத்துக்கொள்ள வேண்டும். பேசும்போது கடைசி வரிசையில் ஒருவரைப் பார்க்க வேண்டும். ஜெயசீலி எல்லாவற்றையும் சொன்னபடி செய்தாள். 'என்னைப் பற்றி' என்ற தலைப்பில் அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக் ரிப்பேர் என்று நினைத்து, உடன் படித்த இரும்புக் கடை ஷாகுல் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு அதே ஷாகுல் மைக் முன்னால் நின்று தன் கடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் முகத்துக்கு நேராக ஒரு பெண் குரல் நடுங்கிக்கொண்டே எழுந்தது. "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு ஜெயசீலி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு." ஷாகுல் மரியாதையாக ஒதுங்கி நின்றார். குரல் ஓய்ந்ததும் ஸஹானா, வேகம் கொஞ்சம் அதிகம், மற்றபடி சத்தம் போதும் என்றாள். குரலுக்குச் சொந்தக்காரி இரண்டாம் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். போதகர் ஞானையா தலையில் கை வைத்து ஜெபித்தார், ஒன்றும் மாறவில்லை. மைக்கை இடம் மாற்றினாலும் குரல் அவள் நின்ற இடத்திலேயே வந்தது. கடைசியில் ஸஹானாதான் வழி சொன்னாள். "அப்ப ஒரு வாரம் முன்னாடியே போய்ப் பேசிட்டு வந்துடுங்க ஆன்ட்டி" என்றாள், ஏதோ ரயிலுக்கு முன்பதிவு செய்யச் சொல்வது போல. ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஜெயசீலி காலி பெஞ்சுகளைப் பார்த்து அறிக்கையை வாசித்துவிட்டு வந்தாள். கூட்டத்தன்று போய் நின்று வாயை மட்டும் அசைத்தாள். கணீரென்று கேட்டது. ஒரே ஒரு பிசகு. நம் ஊர் மேடையில் பேர் சொல்லி விளிக்காமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. தலைவரில் ஆரம்பித்து மைக்செட்காரர் வரை விளித்து முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். அவளும் முறைப்படி, 'நம் நடுவே வீற்றிருக்கும்' என்று சிறப்பு விருந்தினரை விளித்து வைத்திருந்தாள். அந்த மனுஷன் வரவில்லை. குரல் காலி நாற்காலியை வாயார வரவேற்றது. அன்றோடு அவள் 'அனைவருக்கும் வணக்கம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்காகவே சபையாருக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. பள்ளிக்கூட விழா, பணி ஓய்வுப் பாராட்டு, குன்றத்தூர் பக்கம் ஒரு வாசகசாலைத் திறப்பு என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரம் முன்னதாகவே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் சிரிக்கப்போகிறவர்களுக்கு இன்றைக்கே இடம் விட்டுப் பேசவும் பழகிக்கொண்டாள். ஆனால் பேசிவிட்டு வந்த ஒவ்வொரு வாரமும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, வாரத்துக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். ஒரு மேலதிகாரியின் பிரிவு உபசாரத்துக்காக அவருடைய நேர்மையைப் புகழ்ந்துவிட்டு வந்தாள். விழாவுக்கு முந்தின நாள் அவர் கை நீட்டி வாங்கி மாட்டிக்கொண்டார். விழா நின்றுவிட்டது. பூட்டிக் கிடந்த ஹாலுக்குள் குரல் மட்டும் அவரை உத்தமர் என்று சொல்லிக்கொண்டிருந்ததை வாட்ச்மேன் வெளியே நாற்காலி போட்டுக் கேட்டார்.

பிறகு லாசரஸ் படுக்கையில் விழுந்தார். லாசரஸ் அவள் புருஷன், ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்கு நுனியில் கோபம். ஆலயத்தில் மின்விசிறியை யார் பக்கம் திருப்புவது என்று பாடகர் குழுவோடு சண்டை போட்டுப் பெஞ்சு மாறியவர். பிரசங்கத்தின் நடுவே போதகரிடமே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் கை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நான் செத்தா சர்ச்ல ஒவ்வொருத்தனும் வந்து, அன்பானவரு பண்பானவருன்னு அளந்துகினு நிப்பான். எனக்கு அது வாணாம் சீலி. நீ பேசு. நான் எப்டி இருந்தேனோ அப்டியே பேசு." அவளும் சரி என்றுவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்தச் சரியின் அர்த்தம் இரண்டு பேருக்கும் உறைத்தது. அடக்க ஆராதனையில் அவள் குரல் கேட்க வேண்டுமானால், அவர் உயிரோடு இருக்கும்போதே அவள் போய்ப் பேச வேண்டும்.

லாசரஸுக்கு அதில் ஒரு சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. வண்டி எத்தனை மணிக்கு வரும், எதில் ஏறலாம் என்றே வாழ்க்கை முழுக்கப் பார்த்த மனுஷன். அடக்கம் என்றால் சாயங்காலம் நாலு மணிதான், நாள்தான் தெரியாது, ஆகவே தினமும் நாலு மணிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தால் ஏதாவது ஒன்று அமைந்துவிடும் என்று திட்டம் சொன்னார். ஜெயசீலி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டாள். "அப்ப தினமும் சாயங்காலம் உங்களைப் பொதைச்சுட்டு வந்து ராத்திரி கஞ்சி ஊத்தணுமா நான்?" என்று கத்தினாள். உங்களிடமே எல்லாவற்றையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். "எங்கிட்ட இன்னாத்துக்கு? நீ இன்னா சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? அவனுங்களுக்குச் சொல்லு" என்றார் அவர். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் ஜோசலின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா யார்கிட்டயும் எதுவும் கேட்டதே இல்லம்மா. இது ஒண்ணுதான் கேக்குறாரு. போய்ப் பேசிடேன்."

போனாள். ஞானையா ஆலயத்தைத் திறந்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். ஜெயசீலி மைக் முன்னால் காலை ஊன்றி நின்றாள், மூச்சை இழுத்தாள், கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அடுத்த வாரம் இதே நேரம் அவர் இங்கே பெட்டியில் படுத்திருக்க வேண்டும் என்று தானே நாள் குறித்தது போல ஆகும். இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். அவரிடம் பொய் சொல்லவும் மனசு வரவில்லை. என்னால் முடியவில்லை என்றாள். லாசரஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பின் அவர் அவளோடு பேசவில்லை. தண்ணீரைக்கூட மகள் கையால்தான் வாங்கிக் குடித்தார். தினமும் நாலு மணிக்குத் தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு அவளைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். போய்த் தொலைக்கலாமா என்று தினமும் தோன்றும், தினமும் கால் எழாது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது, அந்தக் கோபம் தீராமலேயே லாசரஸ் போய்விட்டார். ஜெயசீலி அழுததில் பாதி அவர் செத்ததற்கு, பாதி அந்தக் கோபத்துக்கு.

மறுநாள் புதன்கிழமை நாலு மணிக்கு அடக்க ஆராதனை. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. பாடகர் குழுத் தலைவர் வந்து, லாசரஸ் அண்ணன் சாந்த சொரூபி என்றார். பக்கத்து வீட்டுக்காரர், அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை என்றார். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. கடைசியாக ஜெயசீலி எழுந்து பெட்டியின் பக்கத்தில் நின்று பேசினாள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவள் கை ஒரு தடவை பெட்டியை நோக்கி நீண்டது, ஒரு தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள், மற்றபடி நேராக நின்று முழுப் பேச்சையும் பேசினாள். ஜனங்கள் அந்த மௌனத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எடுத்துக்கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு ஆலயத்தில் எப்சிக்கும் நிகிலுக்கும் கல்யாணம். பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது, வரவேற்புக்கு மண்டபமும் பிடித்தாகிவிட்டது. ஒரு மணி நேரம் தள்ளிப் போடவும் வழியில்லை. ஞானையா சபையின் வாட்ஸ்அப் குழுவில், புதன் மாலை நாலு மணிக்கு மேல் திருமதி ஜெயசீலி லாசரஸின் நினைவுரை கேட்கும், திருமணத்துக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு, என்று போட்டார். பெண்ணின் அப்பா கொதித்துப்போனார். "எம் பொண்ணு கல்யாணத்துல சாவுப் பேச்சா பாஸ்டர்? நல்லாவா இருக்கு?" கடைசியில், குரல் வந்தவுடன் கீபோர்டையும் பாட்டையும் உச்சத்தில் வைத்து அமுக்கிவிடுவது என்று முடிவானது. ஜெயசீலி இதைக் கேள்விப்பட்டாள். புதன்கிழமை வெள்ளைப் புடவையோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் கேட்டது இது ஒன்றுதான். அதுவும் பாட்டில் அமுங்கிப் போகுமா என்று பார்க்க வந்திருந்தாள்.

மணமக்கள் பீடத்தின் முன் நின்றிருந்தபோது, பெண்ணுக்கு ஒரு கை தூரத்தில், "அனைவருக்கும் வணக்கம்" என்றது குரல். கீபோர்டு முழங்கியது, பாடகர் குழு எழுந்து பாட ஆரம்பித்தது. குரல் அதற்கடியில் என்னவோ சொல்லிக்கொண்டே போனது. எப்சி தலையைச் சாய்த்துக் கேட்டாள், பிறகு பூச்செண்டு வைத்திருந்த கையைத் தூக்கினாள். "நிறுத்துங்க அண்ணா. கேக்கலாம்" என்றாள். கல்யாணப் பெண் சொன்னால் அன்றைக்கு ஒரு நாள் யாரும் மறுப்பதில்லை. பாட்டு நின்றது.

குரல் மின்விசிறிச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள், பாடகர் குழுத் தலைவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். லாசரஸ் ஒரு நாளும் அவள் குழம்பை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை என்றது குரல். மழைக்காலத்தில் தெருவெல்லாம் முட்டி வரை தண்ணீர் நிற்கும்போது, அவளுக்கு முன்னால் நடந்து, பள்ளம் எங்கே, மூடாத சாக்கடை எங்கே என்று காலால் துழாவிக்கொண்டே, அவளைத் திட்டிக்கொண்டே கூட்டிப் போவார் என்றது. "ஒரு தடவை என்னை அடிச்சார். ஜோசலின் பார்த்துக்கிட்டு இருந்தா. நான் மன்னிக்கல. மன்னிச்சுட்டேன்னு சர்ச்ல நின்னு பொய் சொல்ல முடியாது." அதற்குப் பிறகு குரல் சபையாரை விட்டுவிட்டு லாசரஸிடமே பேசியது. "எம் மேல கோவமாத்தான் போயிருக்கீங்க. உசுரோட இருக்கற உங்களுக்குச் சாவுப் பேச்சு பேச எனக்கு வாய் வரலங்க. அன்னிக்கு வரல. இப்பதான் வருது. நீங்க கேட்ட மாதிரிதான் பேசிட்டேன். கோவத்தை விட்டுடுங்க." அவ்வளவுதான் பேச்சு. கடைசிப் பெஞ்சில் ஜெயசீலி தன் குரலை வேறு யாருடையதோ போலக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். அவர் கேட்டது அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது, கேட்டவர் ஒருத்தர்தான் இல்லை.

பிறகு எப்சி முகத்திரையை விலக்கி நிகிலைப் பார்த்தாள். "நீ அடிப்பியா?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். "மாட்டேன்" என்றான் அவன். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஆலயம் முழுக்கக் கேட்டது. சொன்ன மாத்திரத்திலேயே கேட்டது. ஞானையா கடைசிப் பெஞ்சைப் பார்த்து, "தொடரலாமா சிஸ்டர்?" என்றார். ஜெயசீலி முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் மோதிரத்தை எடுத்தார்.